வயிற்றில் ஒரு தையல்

சம்பூர்ணம் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தறியிலிருந்து வருகிற புடவையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, இழை விட்டிருக்கிறதா, கரையும் உடலும் சேருகிற இடத்தில் பிசிறு இருக்கிறதா, சரிகை நிஜச் சரிகைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் மேல்பக்கம் பார்ப்பாள். அப்புறம் ஒரே வீச்சில் புரட்டி உள்பக்கம் பார்ப்பாள். மேல்பக்கத்தை யாரும் அழகாகத்தான் நெய்வார்கள், குட்டு வெளியாவது உள்பக்கத்தில்தான் என்பது அவள் கட்சி. "அந்தம்மா கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுபா" என்று முணுமுணுத்துக்கொண்டே நெசவாளிகள் படி இறங்குவார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். புருஷன் கிறிஸ்டோபர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் நாலு கேள்வி கேட்பாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே நாலுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அஞ்சாவது இன்னாம்மா?" என்று சிரிப்பார். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. ஒரே மகள் ஷாரோனைத் திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்து, அவளும் இப்போது எட்டு மாசக் கர்ப்பிணி.

அந்தப் புதன்கிழமை கடையில் நல்ல முகூர்த்த வேலை. வேலை நேரத்தில் போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள், அது கடை வழக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைக் கையில் வாங்கியபோது பதினேழு மிஸ்டு கால். பதினேழும் அப்துல் சத்தார் பாய்.

பாய் கல்யாண வீடுகளுக்குத் தேக்சா, அண்டா, நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய லோடு ஆட்டோவைக் கிறிஸ்டோபர் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறார். சம்பூர்ணம் அவரைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டு, அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது பாய் மாடி வராந்தாவில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்து போயிருந்தது.

"முசரவாக்கத்துல ஒரு வலீமா, கல்யாண விருந்தும்மா. சாமானை ஏத்திட்டு வண்டி மேல நின்னு கயிறு இழுத்துக் கட்டிக்கினு இருந்தாரு. கயிறு அறுந்துபோச்சு. மல்லாக்க விழுந்துட்டாரு, சிமெண்ட் திட்டுல மண்டை பட்டுச்சு."

"அப்புறம்?"

"எழுந்துட்டாரும்மா. ஒண்ணும் இல்ல பாய்னு சிரிச்சாரு. டீ குடிச்சாரு. ஒரு மணி நேரம் போயிருக்கும், தலை வலிக்குதுன்னு வாந்தி எடுத்தாரு. அப்புறம் கூப்பிட்டா கண்ணே திறக்கல. இங்க தூக்கினு வந்தேன். உள்ள ஆபரேஷன் நடக்குது."

சம்பூர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலைமையிலும் அவள் மூளை ஒரு இடத்தில் போய் இடறிக்கொண்டு நின்றது. விழுந்தவர் எழுந்தார், சிரித்தார், டீ குடித்தார். டீ குடித்த மனுஷனுக்கு மண்டையைப் பிளந்து இன்னாத்துக்கு ஆபரேஷன்?

"யாரு கையெழுத்து போட்டது?"

"நான்தாம்மா. உன் போனு எடுக்கவே இல்ல. நிமிஷம் தள்ளக் கூடாதுன்னுட்டாங்க."

எட்டு மணிக்கு டாக்டர் பிரவீனா வெளியே வந்தார். சின்ன வயசு. கண் சிவந்திருந்தது. சம்பூர்ணத்தைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அதுவே சம்பூர்ணத்துக்குச் சரியாகப் படவில்லை. டாக்டர்கள் நின்றுகொண்டு பேசித்தான் அவளுக்குப் பழக்கம்.

"அம்மா, கையில காலில அடிபட்டா வீங்குது இல்லையா? தோல் இழுத்துக் கொடுக்கும். மூளை வீங்கினா இழுத்துக் கொடுக்க அங்கே எதுவும் கிடையாது. சுத்தியும் எலும்பு. அடிபட்ட இடத்துல ரத்தக் குழாய் கசிஞ்சு நீர் இறங்கும். மூளையில இருக்கிற செல்லுங்க வழக்கமா உள்ளே வர்ற உப்பை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். அடிபட்டா அதுக்குத் தெம்பு இல்லாம போயிடும். உப்பு உள்ளேயே தங்கும், அது தண்ணியை இழுக்கும், செல் ஊதிப்போகும்."

"அவரு எழுந்து டீ குடிச்சாராமே."

"குடிச்சிருப்பார். வீக்கம் உடனே வராதும்மா. அடி ஒரு நொடியில முடிஞ்சுடும், வீக்கம் நாளுக்கு நாள் வளரும். உள்ளே இடம் இருக்கிறவரைக்கும் நல்லாத்தான் பேசுவாங்க. இடம் தீர்ந்ததும் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினா ரத்தம் உள்ளே போக முடியாது. ரத்தம் போகலைன்னா மூளை இன்னும் வீங்கும். கடைசியில மூளை கீழே இறங்கி, மூச்சு விடற இடத்தையே நசுக்கிடும். அதனாலதான் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்துட்டோம். இப்ப வீங்கறதுக்கு இடம் இருக்குது."

"எலும்பை எடுத்துட்டீங்களா!"

"பத்திரமா வெச்சிருக்கோம். வீக்கம் வத்தின பிறகு, ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வெச்சுத் தெச்சுடலாம். ஆனா இன்னும் நாலு நாள் கண்டம்தான். மூணாவது நாளும் நாலாவது நாளும் வீக்கம் உச்சத்துல இருக்கும். தலைமாடு எப்பவும் மேடா இருக்கணும், கழுத்து நேரா இருக்கணும். அப்பத்தான் தலையில இருந்து ரத்தம் சுலபமா இறங்கும். அவரை நாங்கதான் மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். யாரும் கட்டிலைத் தொடக் கூடாது."

சம்பூர்ணம் தலையாட்டினாள். பத்திரமாக என்றால் எங்கே என்று கேட்கவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள் என்று தானே முடிவு பண்ணிக்கொண்டாள். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கேள்வி கேட்டே உயிரை வாங்கியவள், கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கோட்டைவிட்டாள் பாருங்கள்.

ஷாரோனுக்குச் சொல்லவில்லை. "அப்பா வேலூருக்கு லோடு எடுத்துக்கினு போயிருக்காரும்மா, போன்ல சார்ஜ் இல்ல" என்று சொல்லிவைத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எதையாவது சொல்லி அங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

வியாழக்கிழமை கிறிஸ்டோபரின் தம்பி தாவீது வந்து சேர்ந்தான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அண்ணன் என்றால் உயிர், போன் என்றால் அதைவிட உயிர். அவன் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு பைசா கேக்கலியா அண்ணி? இவ்ளோ பெரிய ஆபரேஷனை இலவசமாவா பண்றாங்க?" என்பதுதான்.

"காப்பீட்டு அட்டை இருக்குதுல்ல."

"அட்டைக்கு இவ்ளோ மரியாதையா? டாக்டரே பக்கத்துல உக்காந்து பேசறாங்களாம்!"

அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது உண்மை மாதிரியே இருந்தது.

ஐசியூவில் காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் பத்துப் பத்து நிமிஷம் ஒரு ஆள் போகலாம். வெள்ளிக்கிழமை காலை அவள் உள்ளே போனபோது வார்டு வேலை செய்கிற தில்லையம்மாள் கிறிஸ்டோபருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. தலையில் பெரிய கட்டு, அதன்மேல் 'வலது பக்கம் எலும்பு இல்லை' என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தது. வாயில் குழாய். முகம் ஊதி, இமை இரண்டும் பணியாரமாக இருந்தன. தில்லையம்மாள் போர்வையை இறக்கித் துணியைப் பிழிந்தபோது சம்பூர்ணத்தின் கண் வயிற்றுக்குப் போனது.

தொப்புளுக்கு வலது பக்கம் சாண் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரி. அதன் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. பிரிந்த இடத்தில் கறுப்பு நூலில் தையல். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே அளவு, ஒரே இடைவெளி. தேர்ந்த கை போட்ட தையல்.

அடி தலையில். தையல் வயிற்றிலா?

"வயித்துல இன்னாமா கட்டு?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. சிஸ்டரைக் கேளு" என்று தில்லையம்மாள் அவசரமாகப் போர்வையை ஏற்றிவிட்டாள்.

சிஸ்டர் ஜோதிகா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சோலி முடிந்திருக்கும். ஆனால் சம்பூர்ணம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். மட்டமான சரக்கைக் கொண்டுவந்தவனிடம் 'இது மட்டம்தானே' என்று அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? பேசாமல் வாங்கி, பேசாமல் பார்த்து, கடைசியில்தான் வாயைத் திறப்பாள்.

வெளியே வந்தாள். அப்துல் சத்தார் பாய் பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னைக்குக் கையெழுத்து போட்டீங்களே, எதுக்கெல்லாம் போட்டீங்க?"

"தலை ஆபரேஷனுக்கும்மா."

"தலைக்கு மட்டும்தானா?"

பாயின் விரல் மணியில் நின்றது. கண் தரைக்குப் போனது. "ஆங்... தலைக்குத்தான். நீ சாப்பிட்டியாம்மா? ரம்ஜான் பீ கஞ்சி குடுத்து அனுப்பிச்சிருக்கு, அந்த தூக்குல இருக்குது பாரு."

சம்பூர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. பாய் பொய் சொல்கிறார். ஒன்பது வருஷத்தில் அவர் கண்ணைத் தாழ்த்திப் பேசி அவள் பார்த்ததே இல்லை. அந்தத் தூக்கைப் பார்த்ததும் அடுத்த எண்ணம் தானாக வந்து விழுந்தது. ரம்ஜான் பீ. பாயின் சம்சாரம். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இதே ஆஸ்பத்திரியில்தான். அதனால்தானே இங்கே வாட்ச்மேனிலிருந்து சிஸ்டர் வரைக்கும் பாய்க்கு சலாம் போடுகிறார்கள்!

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கஞ்சியைக் கழிவறைத் தொட்டியில் கொட்டினாள். எத்தனை ரம்ஜானுக்கு அதே கஞ்சியை வாங்கி ருசித்துக் குடித்திருக்கிறாள்.

தாவீதிடம் சொன்னதும் அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலை இறக்கி ஒரே வார்த்தை சொன்னான். "கிட்னி."

"வாயைக் கழுவுடா."

"அண்ணி, நல்லா யோசிச்சுப் பாருங்க. டீ குடிச்சிட்டு நின்ன ஆளு. நீங்க வர்றதுக்குள்ள ஆபரேஷன். கையெழுத்து அவரு. பொண்டாட்டிக்குக் கிட்னி இல்ல. பைசா வேணாங்கறாங்க. வயித்துல தையல். இதுக்கு மேல இன்னா வேணும்?" அவன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காண்பித்தான். எந்த ஊர், எந்த நாடு என்று தெரியாத ஒரு கட்டிலில் யாரோ ஒரு ஆள் சட்டையைத் தூக்கிக் காட்டி அழுதுகொண்டிருந்தான்.

அன்று முழுக்க அவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். சிஸ்டர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாள்? டாக்டர் பிரவீனா வந்து, "இன்னைக்கும் நாளைக்கும்தான்மா கஷ்டமான நாள். தாண்டிட்டா நல்லா வந்துடுவார்" என்றபோது, 'இன்னைக்கும் நாளைக்கும் ஆளை அசைக்காம வெச்சுக்கோன்னு சொல்றாங்க, நாம எதையும் பார்த்துடக் கூடாதுன்னு' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லா வார்த்தையும் அந்தப் பக்கமே உருண்டு வரும் போலிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் தாவீது திட்டம் போட்டான். ஆளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விடலாம், அதற்கு முன்னால் போலீசுக்கு ஒரு போட்டோ வேண்டும்.

"கிட்னி முதுகுப் பக்கம்தானே இருக்குது?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"பின்னாடி, இடுப்புக்கு மேல."

"அப்ப அங்கதான் பார்க்கணும். முன்பக்கத் தையலுக்கு அவங்க ஆயிரம் கதை சொல்லுவாங்க. புரட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே போனாள். சிஸ்டர் ஜோதிகா கோடியில் ஒரு கிழவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் அப்போதுதான் கிறிஸ்டோபருக்கு விரிப்பு மாற்றி முடித்து, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். சம்பூர்ணம் திரையை இழுத்துவிட்டாள். சாய்ந்து உட்கார்ந்தாற்போல் இருக்கிற மனுஷனைப் புரட்ட முடியாது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி மடங்கியிருந்தது. அதைப் பிரித்துச் சுற்றினாள். தலைமாடு மெதுவாக இறங்கியது. படுக்கை சமமானது.

"ஒரு நிமிஷம் மாமா, ஒரே நிமிஷம்" என்று அவர் காதில் சொன்னாள். வலது தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. பதினாறு வருஷம் புடவைக் கட்டுகளைத் தூக்கின கை அது. கிறிஸ்டோபர் இடது பக்கமாகப் புரண்டார். வாயில் இருந்த குழாய் இழுபட்டுக் கழுத்து மடங்கியது. அவள் கழுத்தைப் பார்க்கவில்லை. சட்டையை விலக்கி முதுகைப் பார்த்தாள்.

ஒன்றுமே இல்லை. விலாவிலிருந்து இடுப்பு வரைக்கும் சுத்தமான தோல். ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை. அவள் விரலால் தடவியும் பார்த்தாள்.

அப்போது தலைக்கு மேலே இருந்த மிஷின் கத்த ஆரம்பித்தது.

அவள் பதறிப்போய் அவரை மல்லாக்க இறக்கினாள். முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கட்டுக்குள்ளே வலது பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. மிஷினில் ஒரு எண் ஏறிக்கொண்டே போக, இன்னொன்று அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து என்று இறங்கியது. ஊதின இமை கொஞ்சம் திறந்திருந்தது. இடது கண்ணில் கருமணி கடுகளவு. வலது கண்ணில் அது அகலத் திறந்துபோய், கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. அது எவ்வளவு பெரிய கேடு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சிஸ்டர்!" என்று அலறினாள். "சிஸ்டர், ஓடியாங்க!"

ஜோதிகா ஓடி வந்து திரையைப் பிய்த்துத் தள்ளினாள். "ஐயோ, பெட்டை யாரு இறக்கினது? தில்லையம்மா! துணி மாத்திட்டு ஏத்தாம போயிட்டியா? டாக்டரைக் கூப்பிடு!" கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கழுத்தை நேராக்கினாள். இன்னும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். யாரோ சம்பூர்ணத்தைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவில் தாவீது பிடித்துக்கொண்டான். "பார்த்தீங்களா? போட்டோ எடுத்தீங்களா?"

"முதுகுல ஒண்ணும் இல்லடா" என்றாள். "ஒண்ணுமே இல்லடா. நான் இன்னா பண்ணிட்டேன்!"

அவனுக்கு அது காதில் ஏறவில்லை. உள்ளே ஓடுகிறவர்களைப் பார்த்ததும் அவன் ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. "எங்க அண்ணனைக் கொல்றாங்க! கிட்னியைத் திருடிட்டு ஆளைக் கொல்றாங்க!" என்று வராந்தா அதிரக் கத்தினான். ஜனம் கூடியது. பாய் மூலையில் நின்றபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் பிரவீனா வெளியே வந்தார். முகத்தில் வேர்வை. கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, நேரே சம்பூர்ணத்திடம் வந்தார்.

"உயிர் இருக்குதும்மா. வீக்கத்துக்கு மருந்து ஏத்தி, கண்ணு திரும்பச் சின்னதா ஆயிடுச்சு. இப்போதைக்குப் பிழைச்சுட்டார்." அப்புறம் தாவீதிடம் திரும்பினார். "கிட்னியா? யாரு கிட்னியை எடுத்தது?"

"அப்ப வயித்துல எதுக்குத் தையல்?"

டாக்டர் ஒரு நொடி புரியாமல் நின்றார். "அது அவரோட மண்டை எலும்பு. வயித்துத் தோலுக்கு அடியில கொழுப்புல ஒரு பை மாதிரி பண்ணி அதுக்குள்ள வெச்சிருக்கோம். சொந்த உடம்புக்குள்ளேயே இருந்தா கெடாது. திரும்ப வைக்கும்போது எடுத்துக்கலாம். பத்திரமா வெச்சிருக்கோம்னு சொன்னேனே? வயித்துலன்னு இவர்கிட்ட விவரமா சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்!"

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள்.

"சொன்னாங்கம்மா" என்றார் பாய். "படம் போட்டுக் காட்டிக்கூட சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல. உன் வூட்டுக்காரரு மண்டை எலும்பை எடுத்து வயித்துல வெச்சிருக்காங்கன்னு எந்த வாயால சொல்வேன்? நீ சுவத்தைப் பிடிச்சுக்கினு நின்ன. கேட்டா விழுந்துடுவியோன்னு பயந்துட்டேன். நாலு நாள் போவட்டும், ஆளு கண்ணு திறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

சம்பூர்ணத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் ஆத்திரம் பொங்கியது. பொங்கின வேகத்தில் அடங்கியும் போனது. திருமுக்கூடலில் ஷாரோன் அப்பா வேலூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சொன்னது யாரு?

அந்த நேரத்தில் ஐசியூ கதவு திறந்து தில்லையம்மாள் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். பின்னாலேயே சிஸ்டர் ஜோதிகா, கையில் ஒரு தாள். "மேடம், இவங்கதான் கடைசியா துணி மாத்தினது. பெட்டை இறக்கி அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. எழுதிக் கொடுக்கச் சொல்றேன், ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"நான் தொடல சிஸ்டர். என் புள்ளைங்க மேல சத்தியமா ஏத்தி வெச்சிட்டுத்தான் போனேன்."

"அப்ப பெட்டு தானா இறங்குச்சா? நாளையில இருந்து நீ வேலைக்கு வராத."

தாவீது சம்பூர்ணத்தின் காதருகே குனிந்தான். "அண்ணி, சும்மா இருங்க. வாயைத் திறந்தீங்கன்னா எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிடுவாங்க. அவங்க ஆளு, அவங்க பாத்துக்கட்டும்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் விசித்திரம். நாலு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேரையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டவளை ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. பேசாமல் நின்றால் போதும். தில்லையம்மாள் போய்விடுவாள், அவளைப் போல இன்னொருத்தி வருவாள்.

"நான்தாம்மா இறக்கினேன்" என்றாள் சம்பூர்ணம்.

டாக்டர் திரும்பினார்.

"இந்தம்மா தொடல. நான்தான் அந்தக் கைப்பிடியைச் சுத்தினேன். அவரைப் புரட்டியும் பார்த்தேன். கிட்னியை எடுத்துட்டாங்களான்னு முதுகைப் பார்த்தேன்." அவள் டாக்டரை நேராகப் பார்த்தாள். "நாலாவது நாள் கண்டம்னு நீங்க சொன்னீங்க. காதுல வாங்கினேன், நம்பல."

டாக்டர் பிரவீனாவுக்குக் கோபம் கண் வரை வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் அப்படியே கிடந்திருந்தா உங்ககிட்ட உடம்பைத்தான் கொடுத்திருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேக்கல. தப்புதான்."

"இனிமே நீங்க உள்ளே வரக் கூடாது. நான் சொல்றவரைக்கும் வேற ஒரு ஆள்தான் வரணும். ஒரே ஆள். யாருன்னு சொல்லுங்க."

தாவீது ஒரு அடி முன்னால் வந்தான். சம்பூர்ணம் அவனைத் தாண்டிப் பார்த்தாள்.

"சத்தார் பாய் போகட்டும்."

"நானா?" என்றார் பாய்.

"நீங்கதான். ஆனா பாய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும். டாக்டர் சொன்னதைச் சொன்னபடி சொல்லணும். நான் மயக்கம் போட்டு விழுந்தாலும் தண்ணி தெளிச்சு எழுப்பி உக்கார வெச்சு மிச்சத்தையும் சொல்லணும். எனக்கு நல்லதுன்னு எதையும் மறைக்கக் கூடாது."

பாய் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார்.

ஞாயிறு முழுக்க அவர் கொண்டுவந்த செய்தி ஒன்றுதான். தூங்குகிறார், வீக்கம் ஏறவில்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேள்விகள் வரிசையாக நாக்கு வரைக்கும் வந்து நின்றன, விழுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தூக்க மருந்தைக் குறைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். பதினொரு மணிக்குப் பாய் உள்ளே போனார். பத்து நிமிஷம் இருபது ஆனது. கதவு திறந்தபோது சம்பூர்ணம் பெஞ்சை விட்டு எழுந்து நின்றாள்.

"கண்ணு திறந்தாரும்மா" என்றார் பாய். "ரெண்டு கருமணியும் ஒண்ணா இருக்குது. நான் நல்லா குனிஞ்சு பார்த்தேன். வலது கையில என் விரலைக் குடுத்தேன். பிடிச்சாரு, நல்லா இறுக்கிப் பிடிச்சாரு. கிறிஸ்டோபர்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறாரு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆண்டவரே" என்றாள். அப்புறம்தான் பாய் இன்னும் முடிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"சொல்லுங்க பாய்."

"இடது கை அசையலம்மா. இடது காலும் அசையல. டாக்டரம்மா கிள்ளிப் பார்த்தாங்க, இழுக்கல." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நான் கேட்டேன். விழுந்த அடியினாலயா, இல்ல சனிக்கிழமை நடந்ததாலயான்னு நேராவே கேட்டேன். அவங்களுக்கே சொல்லத் தெரியலம்மா. அதுக்கு முன்னாடி கை அசைஞ்சிருக்குமான்னு யாருக்கும் தெரியாது, மருந்துல தூங்க வெச்சிருந்தாங்க. வரலாம், வராமயும் போவலாம். மாசக் கணக்கா ஆவும்னாங்க. இதான் சொன்னாங்க. வேற எதுவும் சொல்லல."

சம்பூர்ணம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பதினாறு வருஷப் பழக்கம், அது தன்னால் தேடியது. அந்த முகத்தில் மறைத்தது எதுவும் இல்லை. சொன்னது அத்தனையும் நிஜம். அது தெரிந்த மாத்திரத்தில் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"நான் பண்ணிட்டேனே பாய்! என் கையாலயே பண்ணிட்டேனே!"

'இல்லம்மா, உன்னால இல்ல' என்று சொல்ல அவர் வாயெடுத்தார். உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. பார்த்தபடி, கேட்டபடி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று அவள்தானே வாக்கு வாங்கியிருந்தாள். பாய் மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் அழுது ஓய்கிறவரைக்கும் அப்படியே இருந்தார். அப்புறம், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னார்.